காற்றாலையை எதிர்ப்பது தவறா? பாலக்கோட்டு இளைஞருக்கு ஒரு பதில்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். அவருடைய ஊர்க் கரட்டை ஒட்டிக் காற்றாலைகள் வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. நிலத் தரகர்கள் வந்து போகிறார்கள். சிலர் முன்பணம் வாங்கிவிட்டதாகவும் சொல்கிறார்கள். ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. புகையில்லாத மின்சாரத்தை எதிர்ப்பது சுயநலம் ஆகாதா என்பது அவருடைய முதல் கேள்வி. எதிர்ப்பவர்களை வளர்ச்சியின் பகைவர்கள் என்று மேடையில் ஏசுவது அறமா என்பது இரண்டாவது.

மின்துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, அதில் சில ஆண்டுகளை உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் காற்றாலைகள் இணையும் துணை மின்நிலையங்களில் கழித்து, ஓய்வுபெற்றுக் கிருஷ்ணகிரியில் குடியிருப்பவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். இயந்திரம் நல்லதா கெட்டதா என்பதை வைத்து இந்த எதிர்ப்பை எடைபோட முடியாது என்பதே என் முடிவு. யாரைக் கேட்டார்கள், எந்தக் கட்டத்தில் கேட்டார்கள், வரும் பயனில் யாருக்குப் பங்கு என்பவற்றை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

இயந்திரத்தின் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை மறைத்துவிட்டு மற்றதைப் பேசுவது நேர்மையாகாது. தமிழ்நாட்டில் காற்றாலை மின்சாரம் 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் ஒரு மெகாவாட்டைச் சற்றே தாண்டிய அளவில் தொடங்கியது. இன்று மாநிலத்தின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. ஆடிக் காற்று வீசும் மாதங்களில் இந்த இயந்திரங்கள் தரும் ஒவ்வொரு யூனிட்டும் எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் எரியாமல் மிஞ்சும் நிலக்கரி. நம் மாவட்டத்துக்கு அடுத்த மேட்டூரிலேயே 1,440 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கிறது. அதன் சாம்பலோடு வாழ்கிற மக்களும் மக்கள்தான். அவர்களை எவரும் கேட்டுவிட்டு அதைக் கட்டவில்லை. மழையை நம்பி ராகியும் சாமையும் துவரையும் நிலக்கடலையும் போடுகிற தருமபுரி போன்ற வறண்ட மாவட்டத்துக்கு, வானிலை தடுமாறுவதால் வரும் இழப்பு மற்றவர்களுக்கு வருவதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே காற்றாலை வேண்டாம் என்று சொல்கிறவர், அந்த மின்சாரம் வேறு எங்கிருந்து, யார் தலையில் சுமை ஏற்றி வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்.

இத்தனை காலம் இல்லாத பேச்சு இப்போது ஏன் நம் பக்கம் வருகிறது என்றும் கேட்கலாம். பெரிய காற்றாலைத் தொகுதிகளெல்லாம் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய கணவாய்களின் வாய்ப்புறத்தில் அமைந்தவை. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அந்த வழியில் இல்லை. ஆனால் பழைய இயந்திரங்கள் ஐம்பது மீட்டர் உயரத்தில் சுழன்றன என்றால், புதியவை நூற்றிருபது மீட்டருக்கும் மேலே சுழல்கின்றன. தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் மதிப்பீட்டில், 100 மீட்டர் உயரத்தில் இந்தியாவின் காற்று வளம் 302 கிகாவாட் (ஒரு கிகாவாட் என்பது ஆயிரம் மெகாவாட்). 120 மீட்டரில் அது 695 கிகாவாட். இருபது மீட்டர் ஏறியதும் இரண்டு மடங்குக்கு மேல் பெருகுகிறது. நேற்றுவரை காற்றில்லாத இடம் என்று ஒதுக்கப்பட்ட மேடுகளும் கரடுகளும் இப்படித்தான் கணக்குக்குள் வருகின்றன. அந்த மேடுகளில் இருப்பவை பெரும்பாலும் மானாவாரிக் கொல்லைகளும் மேய்ச்சல் புறம்போக்கும் என்பதால், பாதிக்கப்படுகிறவர்கள் பத்திரமும் வழக்கறிஞரும் கைவசம் இல்லாதவர்களாகவே இருப்பார்கள்.

எதிர்ப்பவர்களிடம் நான் கேட்கும் முதல் நேர்மை மழையைப் பற்றியது. காற்றாலை மேகத்தைக் கலைத்துவிடும், மழையைத் தடுத்துவிடும் என்று ஊர்களில் சொல்லப்படுகிறது. மகாராட்டிரத்தில் இருபது ஆண்டுகளுக்கு முன் வறட்சி வந்தபோதும் இதே குற்றச்சாட்டு எழுந்தது. மழை தரும் பருவமேகங்கள் பல நூறு கிலோமீட்டர் பரப்பில் உருவாகும் காற்றோட்டத்தால் இயங்குபவை. நிலத்திலிருந்து ஏறக்குறைய இருநூறு மீட்டருக்குள் சுழலும் இறக்கைகளால் அவற்றைத் தடுத்து நிறுத்த முடியாது. இது பொய் என்று தெரிந்தும், கூட்டம் சேர்க்க உதவுகிறதே என்பதற்காக இதைப் பேசும் தலைவர் தம் ஊருக்கே தீங்கு செய்கிறார். ஏனென்றால் மறுநாள் நிறுவனம் ஒரு நிபுணரை அழைத்துவந்து மழைக் கதையை ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடும். அதோடு சேர்த்து மேய்ச்சல் நிலம், வண்டிப்பாதை, ஓடை என்று ஊர் முன்வைத்த உண்மையான குறைகளும் மூடநம்பிக்கை என்ற பெயரில் குப்பைக்குப் போய்விடும்.

சத்தத்தைப் பற்றிய புகார் அப்படிப்பட்டதல்ல. அதை நான் அருகிலிருந்து கேட்டிருக்கிறேன். ஊர் அடங்கிய பிறகு, கீழே இலை அசையாதபோதும் மேலே காற்று ஓடும் இரவுகளில், இறக்கை கோபுரத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எழும் வீச்சொலி திண்ணையில் படுத்திருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். கனடா அரசின் சுகாதாரத் துறை 1,238 பேரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஒலிக்கும் நோய்களுக்கும் தூக்கக் கெடுதலுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் ஒலி கூடக்கூட மக்களின் எரிச்சல் கூடியது உறுதியாகத் தெரிந்தது. இதைவிட நம்மை யோசிக்கவைக்கும் ஆய்வு ஒன்று நெதர்லாந்தில் 725 பேரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளிவந்தது. காற்றாலையால் வருமானம் பெற்றவர்கள் பெரும்பாலும் இயந்திரத்துக்கு மிக அருகில் வாழ்ந்தார்கள். மற்றவர்களைவிட அதிக ஒலியைக் கேட்டார்கள். இருந்தும் அவர்களில் ஏறக்குறைய எவருமே அதைத் தொல்லை என்று சொல்லவில்லை.

இந்த முடிவைப் பார்த்துவிட்டு, காசு கொடுத்தால் வாய் மூடும் என்று பொருள்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நம் வீட்டு மாட்டின் மணியோசை நமக்குத் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. முன்பின் தெரியாதவர் நம் வாசலில் வந்து அடிக்கும் மணி கெடுக்கும். தன்னைக் கேட்டு, தன் சம்மதத்தோடு, தனக்கும் பங்கு வைத்து நடக்கிற ஒன்றை மனிதர் பொறுத்துக்கொள்ளும் விதமே வேறு. எதிர்ப்பின் வேர் டெசிபலில் இல்லை, மதிக்கப்படாமையில் இருக்கிறது என்பதை இதற்குமேல் தெளிவாக எந்த எண்ணும் எனக்குக் காட்டியதில்லை. அதற்காக ஒலியைப் புறக்கணித்துவிடலாம் என்று சொல்லவில்லை. குடியிருப்பிலிருந்து 500 மீட்டருக்குள் இயந்திரம் நிறுவக்கூடாது என்று மத்திய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. கொல்லையில் தனி வீடு கட்டி வாழ்வது வழக்கமாக உள்ள நம் மாவட்டங்களில், அந்தத் தூரத்தை ஊர் நத்தத்திலிருந்து மட்டும் அளந்துவிட்டுக் கொல்லை வீடுகளைக் கணக்கில் விட்டுவிடக் கூடாது.

அப்படியானால் ஊரைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா? இங்கேதான் பெரிய ஓட்டை இருக்கிறது. அனல்மின் நிலையமோ பெரிய சுரங்கமோ வந்தால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அந்த அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வகைப்பாட்டிலும் அது மாசற்ற வெள்ளைப் பிரிவில் வைக்கப்பட்டிருக்கிறது. காப்புக்காட்டு நிலம் தேவைப்பட்டால் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். தனியார் பட்டா நிலத்தை நேரடியாகக் கிரயம் வாங்கினால், 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் கேட்கும் சமூகத் தாக்க ஆய்வும் பெரும்பாலும் வராது. புகையில்லாத தொழிலுக்குத் தடைகளைக் குறைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் செய்த ஏற்பாடுதான் இது. ஆனால் விளைவு என்னவென்றால், ஒரு திட்டம் முழுவதும் சட்டப்படி சரியாகவே நடந்து முடியலாம், ஊர்க்காரர் ஒருவரிடம்கூட வாய்திறந்து கேட்காமலேயே.

நிலம் விற்றவர் சம்மதித்துத்தானே விற்றார், அதற்குமேல் ஊரைக் கேட்க என்ன இருக்கிறது என்பது நிறுவனங்களின் வாதம். விற்றவரின் சம்மதம் அவருடைய இரண்டு ஏக்கருக்கு மட்டும்தான். அந்த இரண்டு ஏக்கருக்கு, இன்றைய பெரிய இயந்திரங்களின் நூற்றைம்பது அடிக்கும் மேல் நீளமான இறக்கையை ஏற்றிய வண்டி வர வேண்டுமானால், மாட்டுவண்டிப் பாதை அகலச் சாலையாக வேண்டும். கரட்டுச் சரிவை வெட்ட வேண்டும். மழைத்தண்ணீர் ஏரிக்கு இறங்கும் ஓடையைக் குழாய் போட்டு மூட வேண்டும். இவற்றில் எதுவும் விற்றவருடைய சொத்து அல்ல. பதிவேட்டில் தரிசு என்று எழுதியிருக்கும் நிலத்தில்தான் ஊரின் பாதி ஆடுகள் மேய்கின்றன. நமக்கு வெகுதூரமில்லாத அனந்தப்பூர் வட்டாரத்தில், ஊர்மக்கள் பல ஆண்டுகள் பாடுபட்டுப் பசுமையாக்கிய கல்பவல்லி என்னும் பொதுக்காட்டில் காற்றாலைகள் வந்தபோது இதுதான் நடந்தது. அரசுப் பதிவேட்டில் அது வெறும் தரிசு. இயந்திரங்களுக்காக மலைச்சரிவில் வெட்டப்பட்ட சாலைகளால் மண் அரிக்கப்பட்டு ஓடியது. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. காட்டை வளர்த்தவர்களும் காற்றாலை அமைத்தவர்களும் இருவருமே சுற்றுச்சூழலின் பெயரைத்தான் சொன்னார்கள் என்பதுதான் அதில் வேதனை.

அரசியல் அறம் என்று வரும்போது நான் மிகவும் அஞ்சுவது தரகு அரசியலை. திட்டம் வரும் செய்தி ஊருக்கு முன்னால் சிலருக்குத் தெரிந்துவிடுகிறது. அவர்கள் உறவினர் பெயரில் மானாவாரிக் கொல்லையை அடிமாட்டு விலைக்கு வாங்குகிறார்கள், அல்லது பவர் பத்திரம் எழுதிக்கொள்கிறார்கள். ஆறு மாதம் கழித்து நிறுவனத்துக்குப் பல மடங்கு விலைக்குக் கைமாற்றுகிறார்கள். அதே ஆட்கள் கிராம சபையில் எழுந்து திட்டத்தை ஆதரித்தும் பேசுகிறார்கள். உடுமலைப் பக்கம் பணியில் இருந்தபோது, தன் நிலத்தின் உண்மை விலை என்னவென்று விற்ற பிறகே தெரிந்துகொண்ட ஒரு முதியவர் எங்கள் அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்திருந்ததை மறக்க முடியவில்லை. எங்களால் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீரைத் தவிர எதுவும் தர முடியவில்லை. மக்கள் பிரதிநிதி ஒருவருக்கோ அவர் குடும்பத்துக்கோ அந்தத் திட்டத்தில் நிலமோ ஒப்பந்தமோ வண்டி வாடகையோ இருந்தால், அதை ஊரறியச் சொல்லிவிட்டு, அந்த முடிவிலிருந்து விலகி நிற்பதுதான் குறைந்தபட்ச நாகரிகம். எதிர்ப்புத் தரப்புக்கும் இதே அளவுகோல் பொருந்தும். விலை ஏற வேண்டும் என்று போராடுவது குற்றமில்லை, அது உழவரின் உரிமை. ஆனால் விலைக்காகப் போராடுகிறவர் பறவைகளுக்காகப் போராடுவதாகச் சொல்லி மற்றவர்களைத் தெருவில் இறக்கிவிட்டு, தன் தொகை வந்ததும் வீட்டுக்குப் போய்விடுவது துரோகம்.

நம் மாவட்டங்களில் சந்தேகம் ஏன் இவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதைச் சென்னையில் அமர்ந்து பேசுகிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். கொச்சியிலிருந்து பெங்களூரு செல்லும் எரிவாயுக் குழாய் ஏழு மேற்கு மாவட்டங்களின் வயல்களில் இறங்கியபோது, தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அவற்றில் இருந்தன. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று மாநில அரசே சொல்லிப் பார்த்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அடுத்து, 2018இல் சேலம் - சென்னை எட்டுவழிச் சாலைக்காக அளவுக்கல் நட வந்தார்கள். அந்த ஐந்து மாவட்டங்களிலும் நம் இரண்டும் உண்டு. உயர்மின் கோபுரங்கள் தனிக் கதை. மின்தடம் அமைக்க நிலத்தைக் கையகப்படுத்தவே வேண்டாம். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தரும் அதிகாரத்தை 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் வழியாகப் பயன்படுத்தினால் போதும். பட்டா உழவர் பெயரிலேயே இருக்கும், கம்பி மட்டும் தலைக்குமேல் போகும், அதன் கீழ் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, வங்கியில் அடமானம் வைக்கப் போனால் மேலாளர் முகம் சுளிப்பார். கோபுரம் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 விழுக்காடு என்று 2015இல் இருந்த வழிகாட்டுதல், உழவர்களின் நீண்ட போராட்டங்களுக்குப் பிறகு 2024 ஜூனில் 200 விழுக்காடாகவும், கம்பிக்குக் கீழுள்ள நிலத்துக்கு 30 விழுக்காடாகவும் உயர்ந்தது. வளர்ச்சியின் பகைவர்கள் என்று ஏசப்பட்டவர்கள் தெருவில் நின்றிராவிட்டால் அந்த எண் மாறியிருக்குமா என்று நினைத்துப் பாருங்கள். ஒரு மெகாவாட் காற்றாலை வந்தாலும் அதன் பின்னால் இந்தக் கம்பிகளும் வரும். மக்கள் அச்சப்படுவது வெறுங்கற்பனையால் அல்ல.

கேட்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நார்வேயின் ஃபோசன் பகுதியைவிடத் தெளிவான பாடம் இல்லை. கலைமான் மேய்க்கும் சாமி பழங்குடியினரின் மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாலைகள் எழுந்தன. அவர்கள் தொடுத்த வழக்கு முடிவதற்குள்ளேயே கட்டிமுடிக்கப்பட்டன. 2021 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அந்த உரிமங்கள் சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறியவை என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் இறக்கைகள் நிற்கவில்லை. தீர்ப்பு வந்து ஐந்நூறு நாள் ஆன பிறகு, 2023 பிப்ரவரியில், இளைஞர்கள் தலைநகரில் அமைச்சகத்தின் வாசலை மறித்து அமர்ந்தார்கள். உலகிலேயே சட்ட ஆட்சிக்குப் பேர்போன நாடுகளில் ஒன்றில் இது நடந்தது. மறுபக்கத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரத்தில் 2001இல் முன்வைக்கப்பட்ட 130 காற்றாலைத் திட்டம், கடற்கரை மாளிகைக்காரர்களின் பணபலத்தோடு நடந்த எதிர்ப்பால் வழக்குக்குமேல் வழக்காகி 2017இல் கைவிடப்பட்டது. அங்கும் பூர்வகுடிகளின் உண்மையான மனக்குறை இருந்தது, ஆனால் வழக்கறிஞர்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் அவர்கள் அல்லர். எதிர்ப்பு வென்றதா தோற்றதா என்பது எதிர்ப்பின் நியாயத்தைச் சொல்லாது. பல வேளைகளில் எதிர்த்தவர்களின் செல்வாக்கைத்தான் சொல்லும். வசதியுள்ளவர் வேண்டாம் என்றால் திட்டம் நகர்ந்துவிடுகிறது, நகர்ந்து ஏழையின் கரட்டில் வந்து நிற்கிறது.

பங்கைப் பற்றிச் சொல்லி முடிக்க வேண்டும், ஏனென்றால் இதில் நம் நாட்டிலேயே ஒரு வழி கண்ணெதிரில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் மின்சார விதிகளின்படி, ஒரு மின்உற்பத்தி நிலையத்தில் குறைந்தது 26 விழுக்காடு பங்கை வைத்துக்கொண்டு, அதன் மின்சாரத்தில் குறைந்தது 51 விழுக்காட்டைப் பயன்படுத்தும் ஆலைகள் அதைத் தங்கள் சொந்த உற்பத்தியாகக் கணக்குக் காட்டலாம். பல ஆலைகள் கூட்டாகவும் அப்படிச் செய்யலாம். ஓசூரில் இருக்கும் ஒரு தொழிற்சாலை, எங்கோ தெற்கே சுழலும் காற்றாலையில் பங்கு வாங்கி, மலிவு மின்சாரத்தைத் தன் மீட்டருக்குக் கொண்டுவர முடியும். இருநூறு மைல் தள்ளியிருக்கும் ஆலைக்குப் பங்குக்காரராக வழி வகுத்த சட்டம், இயந்திரத்தின் நிழல் விழும் கொல்லைக்காரருக்கு அதே வழியை ஏன் வகுக்கவில்லை? டென்மார்க்கில் கோபன்ஹேகனுக்கு எதிரே கடலில் 2000இல் எழுந்த 20 காற்றாலைகளில் பாதி, 8,000க்கும் மேற்பட்ட சாதாரணக் குடிமக்களின் கூட்டுறவுக்குச் சொந்தம். ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் ஆண்டுக்கு 5,000 பவுண்டு உள்ளூர்ச் சமூகத்துக்குத் தரவேண்டும் என்பது அரசின் பரிந்துரை. பால் கூட்டுறவுச் சங்கமும் தொடக்க வேளாண்மைச் சங்கமும் நடத்தத் தெரிந்த நம் ஊர்களுக்கு, ஒரு காற்றாலையில் பத்து விழுக்காட்டுப் பங்கை வைத்துப் பார்த்துக்கொள்வது முடியாத காரியமல்ல.

ஆகவே உங்கள் ஊரில் என்ன செய்யலாம் என்றால், ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் பொதுவாக ஆதரிக்கிறோம் அல்லது எதிர்க்கிறோம் என்று ஒற்றை வரித் தீர்மானம் போடாதீர்கள். எந்தெந்தச் சர்வே எண்களில் இயந்திரம், எந்தப் பாதையில் சாலை, எந்தக் கொல்லைகளின்மேல் கம்பி என்று வரைபடத்தைக் கேளுங்கள். மேய்ச்சல் நிலம் எவ்வளவு குறையும், அதற்கு மாற்று எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். இயந்திரத்தின் ஆயுள் இருபது, இருபத்தைந்து ஆண்டுதான். அதன்பின் கண்ணாடியிழை இறக்கையையும் பூமிக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான டன் கான்கிரீட்டையும் யார் எடுப்பார்கள், அதற்கான பணத்தை இன்றே வங்கியில் வைப்பார்களா என்றும் கேளுங்கள். நிலம் விற்றவர்களை ஊர்த்துரோகிகள் என்று ஒதுக்காதீர்கள். மகள் கல்யாணத்துக்கும் ஆழ்துளைக் கிணற்றுக் கடனுக்கும் விற்றவரும் உங்கள் தரப்புதான்.

காலம் கடத்தாமல் ஒன்றை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். காற்றாலை நிறுவும் முன் காற்றை அளக்க வேண்டும். அதற்காக மெல்லிய உயரமான கம்பம் ஒன்றை நட்டு, குறைந்தது ஓராண்டு அளவெடுப்பது துறையின் வழக்கம். கரட்டின் மேல் அப்படி ஒரு கம்பம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், எந்தத் தேதியில் நட்டார்கள், யாருடைய நிலத்தில், யாருடைய அனுமதியோடு என்று விசாரித்து எழுதிவையுங்கள். காற்றை அளக்கும் அந்தக் கட்டத்தில் பொதுவாகச் சாலை வெட்டும் வேலையும் ஓடையை மூடும் வேலையும் தொடங்கியிருக்காது. ஊர் கேட்பதற்கும் நிறுவனம் மாற்றிக்கொள்வதற்கும் இருக்கும் அவகாசம் அதுதான்.